பெயரைச் சொன்ன சூனியக்காரி

டண்டீ நகரத்து நாடகக் கொட்டகையில் எஃபி லாமண்ட் பதினெட்டு வருஷமாகச் சூனியக்காரி. ஒரு தளபதிக்கு ராஜாவாகும் ஆசையைக் கிளப்பிவிட்டு அவன் குடியைக் கெடுக்கிற மூவரில் இரண்டாமவள். அந்தச் சோக நாடகத்தின் பெயரைக் கொட்டகைக்குள் வாய்விட்டுச் சொன்னால் கெடுதல் வரும். சொல்லித் தொலைத்தவர் வெளியே போய் மூன்று சுற்று சுற்றி, காறித் துப்பி, கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கெஞ்ச வேண்டும்.

விமர்சகர்கள் எழுதியதையெல்லாம் எஃபி படித்திருந்தாள். சூனியக்காரிகள்தான் விதி என்றார்கள் பழையவர்கள். இல்லை, அவன் மனத்து ஆசைதான் கிழவி வேஷம் போட்டு வருகிறது என்றார்கள் அடுத்து வந்தவர்கள். இப்போதுள்ளவர்களோ, பாவம், பழிபோட ஆள் தேடிய ஊர் விரட்டியடித்த ஏழைப் பெண்கள் என்கிறார்கள். எல்லாம் சரி, எஃபி லாமண்ட் என்று ஒருத்தராவது எழுதினாரா? நேற்று வந்த ஷீனா ராட்ரே முதல் சூனியக்காரி ஆனாள். பத்திரிகை விமர்சகர் அபர்க்ராம்பி, "சூனியக்காரி என்றால் இவள்!" என்று எழுதிவிட்டார். எஃபிக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவர் மறுபடி வருவதாகச் சொன்ன சனிக்கிழமை மதியம், ஷீனாவின் ஒப்பனை அறையில் ஆளில்லாத நேரம் பார்த்து எஃபி நுழைந்தாள். அவளுடைய கண்ணாடி முன் நின்று அந்தப் பெயரைச் சொன்னாள். வெளியே போகவுமில்லை, சுற்றவுமில்லை.

பலித்தது. முதல் காட்சியிலேயே ஷீனா வசனம் மறந்து, விழி பிதுங்க நின்றாள். எஃபி விடுவாளா? தன் வசனத்தோடு அவளுடையதையும் சேர்த்துக் கொட்டித் தீர்த்தாள்.

"நீங்க மட்டும் இல்லேன்னா என் மானமே போயிருக்கும்க்கா," என்று ஷீனா அழுதாள்.

"அழாதடி. பேப்பர்ல என்ன போடுறாங்கன்னு பாப்போம்," என்றாள் எஃபி. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பேப்பர் வந்தது. "ஷீனா ராட்ரேயின் மௌனம் குலைநடுங்க வைத்தது. விதி பேசாது என்பதை எந்த அறிஞரும் சொன்னதில்லை. இவர் நின்றே காட்டிவிட்டார். பக்கத்தில் ஒருத்தி ஓயாமல் தொணதொணத்ததுதான் இடைஞ்சல்."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். கெடுதல் தன் பக்கமே திரும்பிவிட்டதென்று எஃபிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று மதியம் மழையில் கொட்டகையின் பின்வாசலில் மூன்று சுற்று சுற்றி, துப்பி, கதவைத் தட்டினாள். திறந்தவள் ஷீனா.

"உள்ள வரலாமா?"

"அய்யோ, பேரைச் சொல்லிட்டீங்களா? எப்போ?"

"சனிக்கிழமை... உன் கண்ணாடி முன்னாடி."

ஷீனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதானா விஷயம்! இன்னிக்கும் ஒரு தடவ சொல்லிடுங்கக்கா. அபர்க்ராம்பி திரும்ப வர்றாராம்."

வாசலை விட்டு அவள் நகரவில்லை. 'வாங்க' என்றும் சொல்லவில்லை.