சாமி ரூம்ல ரெண்டு மரக்கால்

பட்டா மாறுதலுக்காக இன்னைக்கு மூணாவது தடவையா தாலுகா ஆபீஸ் போனேன்.

கவுன்டர்ல இருந்த மேடம்கிட்ட, "பார்த்துச் செய்ங்க மேடம், இனிமே நீங்கதான் படியளக்கணும்"னு பவ்யமா சொன்னேன்.

மனுவுல ஊர் பேரையும் எங்க தாத்தா பேரையும் படிச்சுட்டுச் சிரிச்சாங்க.

"இந்த வார்த்தையே உங்க களத்துலேருந்து வந்ததுதான் சார். எங்க அம்மாவுக்கு அறுப்புக் கூலி நெல்லு அங்கதான் அளந்து போட்டாங்க. குத்தகை நெல்லு வாங்கறதுக்கு ஒரு மரக்கால், கூலி கொடுக்கறதுக்கு வேற மரக்கால்னு சொல்வாங்க."

எனக்குச் சுருக்குனு கோபம் வந்துச்சு. "அதெல்லாம் சும்மா கிளப்பிவிட்ட கதை மேடம்"னேன்.

"இருக்கலாம் சார்"னு சொல்லிட்டு, மனுவை வாங்கிக்கிட்டு ரசீது கொடுத்தாங்க.

எங்க வீட்டு சாமி ரூம்ல குங்குமம் வெச்ச பழைய மரக்கால் ரெண்டு இருக்கு. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.

வந்ததும் ஒண்ணுல தலைதட்டி அரிசி அளந்து, இன்னொண்ணுல கொட்டினேன்.

நிறைஞ்சு வழிஞ்சு, ரெண்டு கை அரிசி தரையில சிந்துச்சு.

இன்னும் அள்ளலை.

உங்க வீட்டுல எத்தனை மரக்கால்?