கண் ஆஸ்பத்திரி இல்லை

எனக்கு எண்பத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது. அவர்களுக்கெல்லாம் முன்னால் வளர்த்தது எங்கள் அம்மா பெற்ற என் தங்கையை. அவளுக்குத்தான் இந்த நினைவு மலர். 'அம்மையார்' என்று போடுங்கள் என்றார்கள். மற்றவர்கள் போடட்டும். குளிப்பாட்டிச் சோறூட்டிய எனக்கு அவள் 'அவள்'தான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்தோம். அம்மாவுக்கு நான் முதல், அவள் ஏழாவது. நடுவில் பிறந்த ஐந்தும் தங்கவில்லை. அவளைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடிவிட்டார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் கல்யாணமாகிப் போகும்போது ஐந்து வயதுப் பிள்ளையாக என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். என் வீட்டுக்காரர், "இதுவும் நம்ம பிள்ளைதான்" என்றார். கடைசிவரை அப்படித்தான் வைத்திருந்தார்.

நாகர்கோவிலில் நர்ஸ் படித்தாள். "அம்மா மாதிரி இன்னொருத்தி போகக் கூடாது அக்கா" என்று சொல்லிப் பிரசவ நர்ஸ் ஆனாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். பிறகு ஏமன் நாட்டில் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வருஷத்துக்கு ஒன்றாக எட்டு, ஒன்பது பெற்ற பெண்கள் ரத்தம் வற்றி வருவார்களாம். "தினமும் நம்ம அம்மாவையே பார்க்கிறேன்" என்று போனில் அழுதாள்.

அங்கே கருத்தடைக் குச்சி வந்தது. தீக்குச்சி அளவு இருக்கும். மேல்கையில் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் சில வருஷம் கரு தங்காது. பிள்ளை வேண்டுமென்றால் எடுத்துவிடலாம். அந்த ஊர்ப் பெண்கள் உடுப்பைக் களைய வேண்டாம், சட்டைக் கையைச் சுருட்டினால் போதும். அப்படியும் யாரும் வரவில்லை. குச்சி உடம்புக்குள் நடந்துபோய் நெஞ்சில் குத்தும் என்று பயம். மாமியார்மார் வாசலிலேயே மறித்தார்கள். கல்யாணமே ஆகாத என் தங்கை தன் கையிலேயே ஒன்றை வைத்துக்கொண்டாள். "தொட்டுப் பாருங்கள், போன வாரம் இருந்த இடத்தில்தானே இருக்கிறது?" என்று வாராவாரம் கையை நீட்டினாள்.

பாவமா என்று கேட்டவர்களுக்காக, அங்கிருந்த பெண் டாக்டரோடு பள்ளிவாசல் பெரியவரிடமே போனாள். அவர், "பிள்ளை இரண்டு வருஷம் பால் குடிக்க வேண்டும் என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. தாய் தேறுவதற்கு இடைவெளி விடுவது பாவம் இல்லை. புருஷனும் சம்மதிக்கட்டும்" என்றாராம். அடுத்த வாரம் ஒரு மாமியாரே மருமகளைக் கையோடு கூட்டி வந்தாராம்.

இதெல்லாம் அவளுடைய கடைசி மாதத்தில் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் நான் சொல்லவிடவில்லை. நாங்கள் கத்தோலிக்கர். கருத்தடை என்ற சொல்லை எங்கள் வீட்டில் வாயில் எடுப்பதில்லை. அவள் போனில் ஆரம்பித்தால், "அந்தப் பேச்சை விடு, சாப்பிட்டியா?" என்பேன். நான் மகனோடு அமெரிக்காவுக்கு, இந்த மில்பிடாஸ் ஊருக்கு வந்த பிறகு இங்கே சர்ச்சில் தங்கச்சி எங்கே என்று கேட்டவர்களிடம், "கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டேன். ஒருவரிடம் இல்லை, எல்லாரிடமும்.

அங்கே சண்டை மூண்டதும் அவள் எங்களிடம் வந்துவிட்டாள். பத்து வருஷம் எங்களோடு இருந்தாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து ஒரு அம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். "ஆன்ட்டி, நீங்க கண் நர்ஸாமே, எனக்குப் புரை விழுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணலாமா?" அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "டாக்டர் சொன்னா பண்ணிக்கோங்க, பயப்படாதீங்க" என்றாள். காரில் ஃப்ரீவே ஏறியதும், "அக்கா, இனிமே பல் ஆஸ்பத்திரின்னு சொல்லு. பல்லைப் பத்தியாவது எனக்குக் கொஞ்சம் தெரியும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சிரித்ததோடு சரி.

போன வருஷம் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மறுபடி நானே குளிப்பாட்டினேன். ஒருநாள் இடது கையில் சோப்புப் போடும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

"இது என்னடி?"

"அதான் அக்கா, உன் கண் ஆஸ்பத்திரி."

"இன்னுமா வச்சிருக்கே?"

"கிளம்பும்போது எடுக்க ஆள் இல்லை. இங்கே எடுக்கணும்னா உன் மகன்கிட்டச் சொல்லி டாக்டர்கிட்டப் போகணும். நீ வெட்கப்படுவே."

அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். 'நல்லது செய்தாய்' என்று சொல்ல வாய் வரை வந்தது. சோப்பு காய்கிறது என்று தண்ணீரை ஊற்றிவிட்டேன். நாலாம் நாள் போய்விட்டாள். முன்பின் தெரியாத பள்ளிவாசல் பெரியவர் சொன்னதை, அவளை வளர்த்த நான் சொல்லவில்லை. அந்தக் குச்சியோடுதான் சான் ஹோசேயில் மண்ணுக்குள் வைத்தோம்.

வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து கொடுத்த நர்ஸம்மா, நோயில் பூசுதல் என்று எண்ணெய் பூசி ஜெபித்த பங்குச் சாமியார், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சர்ச் பெண்கள், அவள் உடலை வைத்திருந்த ஃப்யூனரல் ஹோமில் நின்ற என் பிள்ளைகளின் சிநேகிதர்கள், உங்கள் எல்லாரையும் மறக்க மாட்டேன். கண் ஆஸ்பத்திரி என்று உங்களிடம் சொன்னது பொய். அதையும் இந்த மலரிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லச் சொல்ல மூத்தவன்தான் கம்ப்யூட்டரில் அடித்தான். நடுவில் நிறுத்தி, "அம்மா, சர்ச் ஆளுங்க எல்லாரும் வாங்குவாங்க. மருத்துவ சேவைன்னு மட்டும் போட்டா போதாதா?" என்றான். போதாது என்றேன். சரிம்மா என்றான். ஆனால் அவன் என் பிள்ளை, நான் செய்ததை அவனும் செய்வான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ஜெபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டர் எழுத்து என் கண்ணுக்கு நிற்கவில்லை.

கண்ணு, இங்கே வா. நீ தமிழ்ப் பள்ளியில் வாசிக்கிற மாதிரி மெதுவாக வாசி, தப்பு வந்தாலும் பரவாயில்லை. உன் அப்பா அடித்ததை முதலிலிருந்து வாசி. சின்னப் பாட்டி கையில் இருந்த குச்சி அதில் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லு.