வால் இல்லாத திமிங்கிலம்

என் தங்கை பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். பாட்டு டீச்சரும் அவளேதான். இரண்டு வேலைக்கும் ஒரே ஆள், அதுவும் தற்காலிக ஆள். பதினோரு வருடமாக அப்படியே ஓடுகிறது. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் நேரம் வந்தால், மறுபடி கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பள்ளியின் பின்வாசலைத் திறந்தால் கடற்கரை. முன்வாசலுக்கு எதிர்ச்சாரியில் என் பெட்டிக்கடை. சனிக்கிழமை காலையில் இவள் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போவாள், பிள்ளைகள் பாடிக்கொண்டே பின்னால் போவார்கள். பாட்டும் இவள் கட்டியதுதான்: "கடலே கடலே மூச்சு விடு, கழுத்துக் குப்பையை எங்களிடம் கொடு." மெட்டு எறும்பு மாதிரி காதுக்குள் புகுந்துகொள்ளும். சில்லறை கொடுக்கும்போதுகூட நான் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

பொறுக்கி வந்த பாட்டில் மூடிகளைக் கம்பியில் கோத்து, பள்ளி முற்றத்தில் ஒரு திமிங்கிலம் செய்தார்கள். முதுகுக்கு நீலம், வயிற்றுக்கு வெள்ளை. கடல் ஒதுக்கிய மூடிதான் சேர்க்க வேண்டும், வீட்டிலிருந்து ஒன்றுகூட வரக்கூடாது என்பது இவள் சட்டம். மூடிக்குத் துளை போடுவது மட்டும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நீலத் தூள் என் தட்டு வரை பறந்து வரும். நான் கத்துவேன். அவள் காதிலேயே வாங்கமாட்டாள்.

தலைமை ஆசிரியர் நல்ல மனுஷன், ஆனால் கொஞ்சம் அவசரக்குடுக்கை. "கல்வி அதிகாரி அம்மா பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள திமிங்கிலத்த முடிச்சுருங்க டீச்சர். உங்க வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே பேசுறேன்" என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் நடக்கவில்லை, மிதந்தாள்.

வால் மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நீல மூடிக்குத் தட்டுப்பாடு வந்தது. அவ்வளவு பிள்ளைகள் வாரம் தவறாமல் அலசினால் கரையில் என்ன மிஞ்சும்? பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது. பிறகு திடீரென்று சாக்கு சாக்காக நீலம் வர ஆரம்பித்தது. "கடல் கண்ண தொறந்துருச்சுக்கா" என்றாள் தங்கை. மூடிகள் பளபளவென்று இருந்தன. மணல் இல்லை, கீறல் இல்லை. அவளுக்கு அது உறைக்கவில்லை. ஆசை வந்தால் யாருக்குத்தான் கண் தெரியும்?

எனக்கு உறைத்தது. நீல மூடி போட்ட குளிர்பானம் என் கடையில் வைத்த கை எடுப்பதற்குள் தீர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் கடைக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மூன்று பெண் பிள்ளைகள் பாட்டிலைக் கவிழ்த்துச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி பண்றீங்க?"

"மூடி மட்டும் வேணும் ஆன்ட்டி. குடிச்சுக் குடிச்சு வயிறு பொருமுது."

"காலி பாட்டில?"

ஒருத்தி முகவாயால் கடல் பக்கம் காட்டினாள். "அங்க ஓரமா வச்சுட்டு வந்துருவோம்."

அன்று முழுக்க எனக்குக் கை வேலையில் ஓடவில்லை. சொல்லாமல் விழுங்கிவிடலாம். அதிகாரி வந்து போகட்டும், வேலை கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் அவள் எதிரே உட்கார்ந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. சொல்லிவிட்டேன். அவள் என்னை நம்பவில்லை. உன் கடையில் வியாபாரம் நடந்தால் அதுக்கும் என் திமிங்கிலமா காரணம் என்று கோபித்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் முன்னால் போகாமல், பிள்ளைகளுக்குத் தெரியாமல் பின்னால் நடந்தாள். பாட்டு மாறியிருந்தது. "கடலே கடலே கருணை வை, நீல மூடி அள்ளி வை" என்று கைகூப்பிப் பாடிக்கொண்டு போனார்கள். எந்தக் குப்பையை ஒழிக்கப் பாட்டுக் கட்டினாளோ, அதையே வரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாறை ஓரத்தில் மூடியில்லாத பாட்டில்கள் குவிந்து கிடந்தன.

திட்டவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, எல்லோரோடும் சேர்ந்து அந்தப் பாட்டில்களைப் பொறுக்கினாள். பிறகு குறடு எடுத்துவந்து, வாலில் கோத்திருந்த பளபள மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியில் வால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி நின்றது. தலைமை ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு நீலத் துணியாவது சுத்திவிடுங்களேன் டீச்சர்" என்று கெஞ்சினார். அவள் மசியவில்லை.

அதிகாரி அம்மா வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் போய்க் கூட்டத்தில் நின்றேன். பிள்ளைகள் பழைய பாட்டைப் பாடினார்கள். அந்த அம்மா திமிங்கிலத்தைச் சுற்றி வந்து, கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வால் எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம் முடிஞ்சிரும் மேடம்" என்று முந்திக்கொண்டார் தலைமை ஆசிரியர்.

"இல்ல மேடம்" என்றாள் தங்கை. "கரையில நீல மூடி தீர்ந்துபோச்சு. அத நான் நல்ல சேதின்னு பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லாம வால் வேணும்னு அவசரப்படுத்திட்டேன். அதனால அவங்க கடையில வாங்கிச் சேர்த்தாங்க. தப்பு என்னுது. வால் இப்படியேதான் இருக்கும்."

அந்த அம்மா தலையை ஆட்டினார், தேநீர் குடித்தார், கிளம்பிப் போனார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருடத்துக்கும் தற்காலிகம்தான் என்று பிறகு தகவல் வந்தது.

தகவல் வந்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "அஞ்சு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதாடி? அந்த அம்மா என்ன கம்பிய எண்ணவா வந்தாங்க?" என்று பிடித்து உலுக்கிவிட்டேன்.

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். நிரந்தர வேலை கைநழுவிப் போனதில் அவளுக்கும் வலி இல்லாமலில்லை.

"இருந்திருக்கலாம்க்கா. பிள்ளைங்க எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு நின்னாங்க."