பட்டன் அக்காவின் காது

வீட்டு வண்டிகள் வந்து நிற்கும் எங்கள் மைதானத்தில் என் அக்காவுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் என்று குடித்தனம் நடத்தியபடி ஊர் சுற்றுகிறவர்கள் அங்கே சில நாள் தங்கிப் போவார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஓடாத பழைய வண்டி ஒன்றில் அங்கேயே குடியிருந்து, துணி துவைக்கும் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறோம். புது வண்டி வந்தால் போதும், அக்கா போய்க் கதவைத் தட்டுவாள். கூரையிலிருக்கும் புகை அலாரத்தின் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். அது கத்தினால் சந்தோஷமாக இறங்கிவிடுவாள். கத்தாவிட்டால் அந்த வண்டிக்காரர்கள் தொலைந்தார்கள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் புருஷன், எங்கள் மாமா, ராத்திரி லாரி ஓட்டுகிறவர். பகலில் அவர்கள் அப்போது குடியிருந்த வீட்டு வண்டிக்குள் படுத்துத் தூங்குவார். ஒரு நாள் காலையில் அக்கா கொட்டகையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜின் பின்புறம் தீப்பிடித்து, மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். அலாரம் கத்தவில்லை, அதில் பேட்டரியே இல்லை. ரொட்டி வாட்டினால்கூட அலறுகிறதே என்று மாமாதான் கழற்றிப் போட்டிருப்பார் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செத்த மனுஷன் என்றும் பாராமல் நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. துணி அலசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று குழாயை மூடுவாள்.

"கேக்குதாடி?"

"என்னக்கா கேக்கணும்?"

"அலாரம். எங்க வண்டி அலாரம்."

அந்த அலாரத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். மெழுகுவர்த்தி மாதிரி உருகிக் கட்டியாகக் கிடந்தது. இருந்தாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தால் எனக்கே கேட்பது போலிருக்கும். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். "காதுல பஞ்சை வச்சுக்கோ" என்று எரிந்து விழுவேன்.

போன குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு ஒரு ஜோடி வந்தது. அக்கா போனதும் அந்தப் பெண் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "பிள்ளை இப்பதான் கண்ணசந்துருக்கு. பட்டனும் வேணாம், ஒண்ணும் வேணாம், போங்க" என்றாள். போதாக்குறைக்கு மேனேஜரிடமும் சொல்லிவிட்டாள். அவர் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா, ரெண்டு பேரும் மைதானத்தைக் காலி பண்ணிடணும். சொல்லிட்டேன்."

ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே போவது? இனி யார் கதவையும் தட்ட மாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன்.

மறுநாள் மத்தியானம் குழாயை மூடினாள். இந்தத் தடவை என்னை எதுவும் கேட்கவில்லை. ஈரக் கையோடு நேராக அந்த வண்டியைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், வந்துடு! நடுத்தெருவுல நிக்கணுமா நாம?"

வண்டி கப்சிப்பென்று நின்றது, அலாரம் எதுவும் கத்தவில்லை. பக்கத்தில் போனதும்தான் கருகல் வாடை அடித்தது. இந்த வண்டிகளில் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும். அதன் பின்னால் சின்னதாக ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். சூடும் புகையும் வெளியேறத்தான் சுவரில் கம்பித் துவாரம் வைத்திருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறதே என்று அதன்மேல் அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். அட்டையின் ஓரம் புகைந்துகொண்டிருந்தது.

அக்கா கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். அந்தப் பெண் திறந்தாள். புருஷன் வெளியே போயிருந்தான் போல. "தலை சுத்துது" என்று சொல்லிக்கொண்டே கதவைப் பிடித்தபடி சரிந்தாள். அக்கா அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்து குழந்தையைத் தூக்கி வந்து என் கையில் போட்டாள். அது துவண்டு கிடந்தது. நான் அதன் கன்னத்தைத் தட்டிப் பார்த்தேன். அதற்குள் அக்கா அவளை வெளியே இழுத்து, கேஸ் சிலிண்டரை மூடி, அட்டையைப் பிய்த்தெறிந்து, உள்ளே மாட்டியிருந்த தீயணைப்பானை எடுத்து அடித்துவிட்டாள். வெளிக்காற்று பட்டதும் குழந்தை முனகியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து தேம்பினாள்.

"அலாரத்துல பேட்டரியை நான்தான் கழட்டினேன். பிள்ளை தூங்கட்டுமேன்னுதான்…"

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியும்மா. நானும் அவர் தூங்கட்டுமேன்னுதான் கழட்டினேன். துணியை அலசிட்டு வந்து மாட்டிக்கலாம்னு மடியில முடிஞ்சுட்டுப் போனேன்."

மாமாவை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் அவள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

புகையெல்லாம் அடங்கிய பிறகு அக்கா உள்ளே போய்ப் பேட்டரியைத் தேடி மாட்டி, பட்டனை அமுக்கினாள். அலாரம் வீறிட்டது. குழந்தையும் பயந்துபோய் வீறிட்டு அழுதது. அதன் அம்மா தட்டிக்கொடுக்க எழுந்தாள்.

"அழட்டும் விடு" என்றாள் அக்கா.

அலாரம் நின்ற பிறகும் அவள் தலை சாய்ந்தே இருந்தது.

"இன்னும் கேக்குதாக்கா?" என்றேன். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

"இது நின்னுடுச்சுடி. அதுதான் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட துணியை அலசக் கொட்டகைக்கு நடந்தாள்.