கட்டிங் செக்ஷன் மோசஸ்

மோசஸ் போய்ட்டான்.

இன்னிக்குக் காலைல, பெங்களூர்ல, அவன் ரூம்ல. மாரடைப்பு. முப்பத்தெட்டு வயசு. அவன் தங்கச்சி குளோரி போன் பண்ணி "அண்ணன் இல்லக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா.

டிஜே, எலக்ட்ரானிக் மியூசிக் கம்போசர்னு நிறைய பேர் எழுதிட்டு இருக்கீங்க. எனக்கு அவனைத் தெரிஞ்சது ஆம்பூர்ல, ஷூ கம்பெனில. அவன் கட்டிங் செக்ஷன். நான் அடுத்த ஹால்ல குவாலிட்டி செக்கிங்.

தோல் மேல இரும்பு அச்சை வெச்சு மெஷினை அழுத்தினா 'டப்'புன்னு ஒரு சத்தம் வரும். நாள் பூரா அதான் அவன் வேலை. எங்களுக்கெல்லாம் தலைவலி. அவன் மட்டும் "அக்கா, மூணாவது மெஷின் கொஞ்சம் லேட்டா அடிக்குது, கவனிச்சீங்களா?"ன்னு கேப்பான். நான் எங்க கவனிக்க...

ஞாயித்துக்கிழமை ஆனா கல்யாண மண்டபங்கள்ல டிஜே போடுவான். எல்லாம் சினிமா பாட்டுதான். வீட்ல ஒரு பழைய லேப்டாப்ல சொந்தமா ஏதோ பண்றான்னு மட்டும் கேள்வி.

ஒரு நாள் சாப்பாட்டு பெல்லுக்கு முன்னாடி, அவன் போனை மெஷின் பக்கத்துல சாச்சு வெச்சிருந்ததைப் பாத்தேன். எங்க கம்பெனி உள்ள போன் கூடாது. ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையரோட டிசைன் வெளிய போய்டும்னு பயம்.

போய் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். ஆமா, சொன்னது நான்தான். இத நான் எங்கயும் எழுதினதில்ல.

போனை வாங்கிப் பாத்தாங்க. ஒரு போட்டோ கூட இல்ல. நாலு மாசமா எடுத்து வெச்ச சத்தம்தான். மேனேஜர் அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு "இன்னாப்பா இது, வெறும் மெஷின் சத்தம்?"னு கேட்டாராம். "ஆமா சார், அதான் சார்"னானாம் இவன். ஆபீஸ் டைப்பிஸ்ட் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.

அவன் கையாலயே எல்லாத்தையும் அழிக்க வெச்சாங்க. வேலையும் போச்சு. வெளிய போகும்போது என்னைப் பாத்து "வர்றேன்க்கா"ன்னான். வழக்கமா சொல்ற மாதிரியேதான்.

அப்புறம் பெங்களூர். மைக்செட் வாடகைக்கு விடற ஒரு கடைல வேலை பாத்துக்கிட்டே கிளப்ல வாசிக்க ஆரம்பிச்சான். சொந்த டிராக் எல்லாம் "கட்டிங் செக்ஷன்"ங்கற பேர்லதான் போட்டான். அங்க எல்லாரும் சரக்கு கட்டிங்னு நெனச்சுட்டாங்க... ஒரு சொட்டு குடிக்காதவன் அவன்.

அதுல பாட்டு கிடையாது, வரி கிடையாது. தண்ணி மோட்டார், ரயில்வே கேட், தையல் மெஷின்... எங்கெங்கயோ பிடிச்ச சத்தத்தை அடுக்கி அடுக்கி இருபது நிமிஷம் ஓட்டுவான். ஜெர்மனில ஒரு பெஸ்டிவலுக்குக் கூப்ட்டாங்க. இங்க பேஸ்புக்ல போட்டோ பாத்து லைக் போட்டேன். கமெண்ட் போடக் கை வரல.

மூணு வருஷம் முன்னாடி எங்க கம்பெனி ஆண்டு விழா. நம்ம ஊர் ஆளாச்சேன்னு புது ஹெச்.ஆர். இவனையே டிஜேவா கூப்ட்டாங்க. பழைய கதை அவங்களுக்குத் தெரியாது.

அவன் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டான். விழாவுக்கு முன்னாடி ஒரு மத்தியானம் உள்ள வந்து ரெக்கார்ட் பண்ணணும். கூட ஒரு ஆள் போகணும்னு என்னை அனுப்பினாங்க.

கட்டிங் செக்ஷன்ல மெஷின் எல்லாம் புதுசு. சத்தமே கம்மி. மைக்கைப் பிடிச்சுட்டு நின்னவன் "இன்னாக்கா, எல்லாம் ஊமையாயிடுச்சு"ன்னான்.

ஸ்டோருக்குப் பின்னாடி ஒரே ஒரு பழைய மெஷின் இருந்துது. அட்டை வெட்ட மட்டும் வெச்சிருந்தாங்க. என்னையே அழுத்தச் சொன்னான். நான் அந்த மெஷினைத் தொட்டது அன்னிக்குதான் முதல் தபா.

நடுவுல நிறுத்திட்டுச் சொன்னேன். "மோசஸ், அன்னிக்குப் போட்டுக் குடுத்தது நான்தான்."

"தெரியும்க்கா. சூப்பர்வைசர் உங்க பேரைச் சொல்லித்தான் என்னைத் திட்டினாரு."

"அப்புறம் ஏன்பா வர்றேன்க்கான்னு சொல்லிட்டுப் போன?"

"வேற இன்னா சொல்றது?"

வயரைச் சுத்திக்கிட்டே சொன்னான். "கோவம் இருந்துதுக்கா. ஜாஸ்தியாவே இருந்துது. வேலை போனதுக்கு இல்ல. அந்த நாலு மாச சத்தம்... அது திரும்பக் கிடைக்கவே இல்ல."

அவனே "இன்னும் ஒரு தபா அடிங்க, கடைசில வண்டி ஹாரன் விழுந்துடுச்சு"ன்னான். அடிச்சேன். நாப்பது தடவை இருக்கும்.

விழா அன்னிக்கு முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. "ஐய, இதைக் கேக்கவா பட்டுப்புடவை கட்டினு வந்தோம்"னா ஸ்டிச்சிங் லைன்ல ஒருத்தி.

பத்து நிமிஷம் போயிருக்கும். திரும்பிப் பாக்கறேன்... நாற்காலிக்கு அடில அத்தனை பேர் காலும் தையல் மெஷின் பெடல் மிதிக்கற மாதிரி ஆடிட்டு இருக்குது. அவளோட காலும்தான். மேடைல அவன் தலை நிமிரவே இல்ல.

அதுக்கப்புறம் கிறிஸ்மஸுக்கு மெசேஜ் பண்ணுவான். போன பொங்கலுக்கு நான் பண்ணேன். அவ்ளோதான் பேச்சு.

பாடி இன்னிக்கு ராத்திரி ஊருக்கு வந்துடும். நாளைக்கு மதியம் மூணு மணிக்கு அடக்கம். ஷிப்ட்ல இருக்கறவங்க வீட்டுக்கு வர முடியலன்னா நேரா கல்லறைக்கே வந்துடுங்க.

நான் அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டேன். காரணம்னு இருந்த இடத்துல 'தம்பி இறப்பு'ன்னு போட்டேன். ஹெச்.ஆர். ஒண்ணும் கேக்கல, கையெழுத்து போட்டுட்டாங்க.

வர்றேன் மோசஸ்... மூணு மணிக்கு.