சேஷகிரிக்கு முறை வந்தது

சேஷகிரி ஐயங்காரைப் போல மோட்டார் சைக்கிளைப் பற்றித் தெரிந்தவர் அன்றைய பெங்களூரில் இருந்திருக்க மாட்டார். அவரைப் போல என் உயிரை வாங்கியவரும் இருந்திருக்க மாட்டார்.

வைட்ஃபீல்ட் போகிற ரோட்டில் இருந்த ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் நான் எலெக்ட்ரிக் ஃபிட்டர். அவர் அங்கே டெஸ்பாட்ச் கிளார்க். என்னிடம் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் இருந்தது. நாற்பத்தொன்பதில் மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்தேன். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தேன், சுரண்டினால் காக்கி தெரியும். ஒருநாள் பஸ் தவறிவிட்டது என்று மல்லேஸ்வரத்தில் என் பின்னால் ஏறினார் மனிதர். ஐந்து வருஷம் இறங்கவில்லை. ஒக்கலிபுரத்திலிருந்து நேராக வேலைக்குப் போக வேண்டிய நான், தினமும் காலையில் மல்லேஸ்வரத்துக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.

சும்மா உட்கார்ந்து வந்தாலும் பரவாயில்லை. காதோரம் பாடம் நடக்கும்.

"முனியப்பா, பிளக் கறுத்துப்போயிருக்கு. சத்தம் கேக்கறதோ? கார்புரேட்டர்ல பெட்ரோல் ஜாஸ்தி வரதுடா."

"ஆகட்டும் சாமி."

"கிளட்ச் கேபிள் லூஸு. இப்படியா ஒரு வண்டியை வச்சிண்டிருப்பா?"

வாய்தான் ஆகட்டும் சாமி என்று சொல்லும். மனசுக்குள் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. வெளிநாட்டிலிருந்து உதிரி பாகம் வருவது நின்றுபோய், ஒரு கேபிளுக்காகச் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தவன் நான். இவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிறார்.

ஐம்பத்தெட்டிலேயே அவர் புது வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தார். காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வண்டி கிடைக்கிற காலமா அது? பெயர் எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முறை வந்து வண்டி எடுத்தவன் கடை வாசலிலேயே அதை இன்னொருவனுக்குக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டுப் போவான். ஓடின வண்டிக்குப் புது வண்டியைவிட விலை அதிகம் என்கிற கூத்தெல்லாம் அப்போது நடந்தது. மாதம் ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு டீலர் கடைக்குப் போவார். குமாஸ்தா கோவிந்தப்பா அவரைக் கண்டதுமே, "ஸ்வல்ப பொறுங்க சார், உங்க நம்பர் நானூத்திப் பன்னெண்டு, இன்னும் தூரம் இருக்கு" என்பார். வேறு யாராக இருந்தாலும் முகம் தொங்கிப்போகும். இவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் திரும்புவார். அந்தத் திருப்தியைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய மிலிட்டரி வண்டி ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "எவன் அதுல உக்காந்து செத்தானோ, வேண்டாம்டா" என்றார். அப்படியானால் தினமும் அதில்தானே உட்கார்ந்து வருகிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. என் வண்டியையே கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள் என்றேன் ஒருமுறை. "இதுல ஓட்டினா கெட்ட பழக்கம் ஒட்டிக்கும்" என்றார்.

யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பான் என்பார்கள். இவர் யானை வருமுன்பே அங்குசம் வாங்கியவர். தோல் கையுறை, கண்ணில் காற்றடிக்காத கண்ணாடி, முழங்கால் வரை வரும் காக்கிக் கோட்டு எல்லாம் வாங்கினார். வாங்கியதைப் பெட்டியில் வைத்தாரா? போட்டுக்கொண்டு என் பின்னால் ஏறினார். முன்னால் அரைக்கைச் சட்டையில் நான், பின்னால் ஆகாய விமானம் ஓட்டுகிறவரைப் போல அவர். அல்சூரில் ஒரு போலீஸ்காரர் அவருக்கு சல்யூட் அடித்துவிட்டு, என்னை மட்டும் நிறுத்தி லைசென்ஸ் கேட்டார்.

அறுபத்து மூன்று கடைசியில் கம்பெனியில் ஒரு வேலை காலியானது. ஹொஸ்கோட்டைப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் மருந்து விற்கும் இன்ஸ்பெக்டர் வேலை. பதினாறு வருஷமாக பார்சலுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அது கிடைத்தால் பெரிய விஷயம். நாற்பத்திரண்டு வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடையாது. இவருக்கு நாற்பத்தொன்று. மானேஜர் ஒரே நிபந்தனை போட்டார். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் சொந்த வண்டியின் ஆர்.சி. புத்தகம் மேஜைக்கு வரவேண்டும். லைசென்ஸுக்கு மூன்று மாதம் பொறுத்துக்கொள்கிறேன் என்றார்.

கடவுள் கண் திறந்தது போல, மார்கழி மூன்றாம் தேதி டீலரிடமிருந்து கடிதம் வந்தது. முறை வந்துவிட்டது, பத்து நாளைக்குள் வண்டியை எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. நான் துள்ளினேன். அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"மார்கழியில புது வண்டி எடுக்கறதாவது! தை ஒண்ணாம் தேதி எடுத்துக்கறேன்னு மரியாதையா ஒரு லெட்டர் எழுதியிருக்கேன். போற வழியில தபால்ல போட்டுடு."

"தை ஒண்ணுன்னா ஜனவரி பதினாலு சாமி. வேலை போயிடும்!"

"பெருமாள் பாத்துப்பார்."

பெருமாள் எதைப் பார்ப்பார்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறார் மனிதர், அதுவும் நல்ல இங்கிலீஷில், 'தங்கள் பணிவுள்ள' என்று கையெழுத்துப் போட்டு. கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். வழியில் இரண்டு தபால் பெட்டி வந்தன. நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கோவிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பாகீரதி அம்மாள் வாசலில் கோலத்தை முடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மார்கழி, மார்கழின்னு சொல்லிக்கினு வேலையைக் கோட்டை விடறாரும்மா. நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

அவர் கடிதத்தை வாங்கவில்லை. "மார்கழியும் இல்லை, ஒண்ணுமில்லை முனியப்பன். அவருக்கு சைக்கிளே விடத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேனே?"

நீட்டிய கடிதத்தை மடக்கிக்கொண்டேன்.

"கல்யாணமான புதுசுல எங்கண்ணா சாங்கி டேங்க் கரையில கத்துக்கொடுத்தான். நேராப் போய் சேத்துல விழுந்தார். வேடிக்கை பார்க்க வந்தவாள்ளாம் கைதட்டிச் சிரிச்சா. அதோட சரி, தொடலை. வண்டிக்கு எழுதி வச்சா முறை வர அஞ்சாறு வருஷமாகும்னு யாரோ சொன்னாளாம். அதுக்குள்ள தைரியம் வந்துடும்னு எழுதி வச்சார். முறைதான் வந்தது."

பெங்களூரில் பால்காரன் முதல் பாதிரியார் வரை எல்லாரும் சைக்கிளில் போன காலம். இந்த ஒரு மனிதர் மட்டும் எங்கே போனாலும் நடந்தே போவார், இல்லையென்றால் என் பின்னால் வருவார். ஐந்து வருஷம் தினமும் ஏற்றிப்போனவன் இதைக் கவனிக்கவில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே என் பக்கம் திரும்பியது. வெட்கமாக இருந்தது.

கோவில் வாசலில் கையில் பொங்கல் தொன்னையோடு வந்தவரை மறித்தேன்.

"சாமி, லெட்டரை நான் போடல."

அவர் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தவர், நான் வந்த திசையைப் பார்த்தார். தன் வீடு இருக்கும் திசை அது. புரிந்துகொண்டார். பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பத்தோரு வயசுடா. சிரிக்க மாட்டாளா?"

"சிரிப்பாங்கோ. மொதல்ல நான்தான் சிரிப்பேன். அப்புறம் தூக்கி விடுவேன். எந்திரிங்க சாமி."

மறுநாளே வண்டியை எடுத்தோம். நான்தான் ஓட்டிவந்தேன். மார்கழி முடியும்வரை அது என் வீட்டில் நிற்கட்டும் என்றார், அதில் மட்டும் பிடிவாதம். ஆர்.சி. புத்தகம் இருபத்தெட்டாம் தேதி மானேஜர் மேஜைக்குப் போனது.

அதன்பிறகு விடியற்காலைகளில் ரயில் பாதையை ஒட்டிய காலி இடத்தில், ஒரு வாடகை சைக்கிளை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். விட்டால் விழுவார். விழுந்த பிறகு சக்கரத்தின் காற்று, ஹாண்டிலின் கோணம் என்று எனக்கு விளக்கம் சொல்வார். "வாயை மூடிக்கினு மிதிங்க சாமி!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அன்றைக்குத்தான் விழாமல் போனார். சைக்கிளுக்குப் பிறகு, மார்கழி முடிந்ததும் புது வண்டி. எட்டு நாளில் நான் அரை ஆளாக இளைத்தேன்.

அதுவரை புது வேலைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர், தை பிறந்த இரண்டாம் வாரம் 'எல்' பலகை மாட்டிக்கொண்டு முதல்முறையாகத் தனியே ஹொஸ்கோட்டைக்குக் கிளம்பினார். கே.ஆர். புரம் வரை என் பி.எஸ்.ஏ.யில் பின்னாலேயே போனேன். முதல் கியர் போட்டார். இரண்டாவது போட்டார். அவ்வளவுதான். அல்சூர் வந்தது, பையப்பனஹள்ளி வந்தது, கியர் மாறவில்லை. புத்தம் புது எஞ்சின் அலறுகிறது. "மூணாவது போடுங்க சாமீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்கவில்லை. வைட்ஃபீல்டுக்கு ரோடு பிரியும் இடத்தில் நான் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போனார். அந்த அலறல் காதிலிருந்து மறையும்வரை நின்றுவிட்டு வேலைக்கு லேட்டாகப் போனேன்.

சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். தூசி படிந்த முகத்தோடு வந்து இறங்கினார். இரண்டு உள்ளங்கையும் கன்றிப்போயிருந்தன.

"சாமி, ஹொஸ்கோட்டை வரைக்கும் ரெண்டாவதுலயேவா போனீங்கோ? எஞ்சின் இன்னாத்துக்கு ஆவும்?"

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா?" என்றார். கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு ரெண்டு போறும். நாளைக்கு மூணாவது போடறேன்."