பத்தாவது ஆட்டக்காரி

என் மகள் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறாள் என்பதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் விளையாட்டுப் பக்கத்தில். எழுதியவர் என் அப்பா.

கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரை என்னிடம் நீட்டினார். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளியின் தமிழ்ப் பிரிவைப் பற்றி அப்பா ஒரு கால்பந்து அணியைப் போல எழுதியிருந்தார். மைதானம் உண்டு, பயிற்சியாளர் உண்டு, ஆள்தான் இல்லை என்று ஆரம்பித்து, ஒன்றாம் வகுப்புக்குப் பத்துப் பேர் வேண்டிய இடத்தில் எட்டே பேர் வந்திருப்பதைச் சொல்லி, கடைசி வரியில், “என் பேத்தி இறங்குகிறாள், இன்னும் ஒருவர் வந்தால் ஆட்டம் தொடங்கும்” என்று முடித்திருந்தார். நான் சிரித்துவிட்டுப் பிறகுதான் அந்தப் பேத்தி யார் என்று உணர்ந்தேன்.

“நம்மகிட்ட கேட்டாரா?” என்றார் கணவர். கேட்கவில்லை. முந்தின மாதம்தான் கான்வென்ட்டில் மகள் ஆங்கிலத்தில் நிறங்களின் பெயர்களை ஒப்பித்து இடம் வாங்கியிருந்தாள். இரண்டு மாதம் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது.

அப்பா முப்பது வருடமாக ஒரு தமிழ்ப் பேப்பரில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். பந்தயம் சுவாரசியமாக இல்லையென்றால் மைதானத்துக்குள் ஓடிவந்த நாயைப் பற்றி எழுதுவார். ஹாக்கி ஆட்டம் மழையில் நின்றால், மழை இரண்டு கோல் போட்டது என்பார். கோலார் தங்கவயலுக்கும் ஓசூருக்கும் போகும் பதிப்பு சீக்கிரம் அச்சுக்குப் போய்விடும். அதனால் ஆட்டம் முடிவதற்கு முன்பே முடிவை எழுதிவைத்துவிட்டு, கோல் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டுவைப்பது அவர் வழக்கம். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை தோற்ற அணியை ஜெயிக்க வைத்துவிட்டார். தங்கவயல்காரர்கள் ஒரு நாளாவது சந்தோஷமாக இருந்தார்கள் அல்லவா என்று சிரித்தார். எங்கள் வீட்டு விஷயத்திலும் அதையே செய்திருக்கிறார் என்று அன்று காலை எனக்குப் புரிந்தது.

பள்ளியின் மேல் அவருக்கு இருந்த அக்கறை பொய்யில்லை. அவர் படித்த பள்ளி அது. தொண்ணூற்றொன்றில், கன்னடம் பேசும் எங்கள் ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் காவிரிக் கலவரம் நடந்த மாதம், அப்பா தமிழ்ப் பேப்பரைச் சட்டைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு தெருவில் பலர் பிள்ளைகளை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். எட்டு வருடத்தில் பத்துப் பேருக்கே திண்டாட்டம் என்றாகிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் பத்துப் பேர் இல்லையென்றால் தமிழ்ப் பிரிவை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியை அப்பாவிடம் சொல்லியிருந்தார். கல்விச் செய்தியாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று அப்பா அதை விளையாட்டுப் பக்கத்தில் போட்டார்.

அப்பா வீடு இரண்டு தெரு தள்ளி. நான் போனபோது ஷேவ் செய்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “மறுப்பு வேணும்னா போட்டுடலாம்மா. காயம் காரணமாக ஆட்டக்காரி விலகல். ரெண்டு வரி போதும்” என்றார்.

“என்னை எதுக்குப்பா அங்க சேர்க்கலை?”

அவர் பிளேடைக் கழுவினார். நிதானமாகத்தான் கழுவினார். “உங்கம்மா விடலை” என்றார்.

அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கேட்டுச் சரிபார்க்க ஆளில்லை என்ற தைரியத்தில் சொன்னாரா, உண்மையைத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியில் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா என்னை நிறுத்தினார். ஜாக்கெட் தைக்கும் கடையைத் தனியாளாக நடத்துபவர். தன் மகளை முந்தின வருடம்தான் ஒரு சின்ன இங்கிலீஷ் நர்சரியில் போட்டிருந்தார். அன்று காலை அப்பா எழுதியதை யாரோ படித்துக்காட்ட, நேராகப் போய் மகளைச் சர்க்கார் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். “உங்க வீட்டுப் பொண்ணே அங்க போவுதுன்னா எங்களுக்கு என்னம்மா குறைச்சல்” என்றார். இல்லை, அப்பா அவசரப்பட்டு எழுதிவிட்டார் என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஊசி குத்தியிருந்த அவர் விரலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அறைச் சுவரில் அப்பாவின் கட்டுரை ஒட்டப்பட்டிருந்தது.  நான் சொன்னதைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து தலை எண்ணுவார் என்றார்.

“அன்னிக்கு மட்டும் யூனிஃபார்ம் போட்டு அனுப்பிடுங்கம்மா. ஒரு நாள்தானே. அப்புறம் உங்க இஷ்டம்.”

 ஆறு வயதுப் பெண்ணிடம், நாளைக்கு மட்டும் நீ இந்தப் பள்ளியில் படிப்பதுபோல உட்கார் என்று எப்படிச் சொல்வது? “ஒரு நாளெல்லாம் முடியாது மிஸ். அனுப்பினா முழு வருஷமும் அனுப்புவேன்” என்றேன். மறுப்பதற்காகச் சொன்னதுதான். வாயை விட்டு வந்தபின் அது வாக்கு கொடுத்ததுபோல ஆகிவிட்டது. அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், ஒரே ஒரு வருடம், அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது என்றார். கான்வென்ட் இடத்தை விட்டுக்கொடுத்தோம். பெரிய மனது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். தையல்கார அக்காவின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டுமே என்ற பயத்தில் செய்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பத்துப் பேரை எண்ணினார். தமிழ்ப் பிரிவு அந்த வருடம் தப்பித்தது.

அப்பா அதையும் எழுதக் கிளம்பினார். தலைப்புகூடச் சொன்னார். நான் விடவில்லை. “பள்ளிக்கூடத்தைப் பத்தி இனிமே ஒரு வரி எழுதக் கூடாது. கக்கூஸ்ல தண்ணி வர வைங்க, அது போதும்” என்றேன். ஏனென்றால் அங்கே இரண்டு கழிப்பறை இருந்தன, இரண்டிலும் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. அதனால் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்திருந்தார்கள்.

அப்பா வார்டு ஆபீசுக்குப் போனார். நன்றாகக் கன்னடம் பேசுவார், போன இடத்தில் எல்லாம் சிரிக்க வைப்பார். விளையாட்டு நிருபர் என்று சொன்னதும் அங்கிருந்த கிளார்க் கிரிக்கெட் மேட்ச்சுக்குப் பாஸ் கிடைக்குமா என்று கேட்டார். அப்பா இரண்டு பாஸ் கொண்டுபோய்க் கொடுத்தார். மேட்ச் முடிந்தது. தண்ணீர் வரவில்லை. அடுத்த முறை எழுதிக்கொடுங்கள் என்றார்கள். எழுதிக்கொடுத்தார். கடிதம் வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது என்றார்கள். தீபாவளிக்குள் அப்பாவிடம் நகைச்சுவை வற்றிவிட்டது. எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, தன் வரிகளை ரசிக்க அங்கே ஒருவன்கூட இல்லை என்று புலம்பினார். எனக்கு இரக்கம் வரவில்லை.

மகளுக்கு டீச்சரைப் பிடித்திருந்தது. தசரா விடுமுறைக்கு முன்பே கடைப்பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆனால் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்தால் நாலு மணிவரை அடக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள். ஜனவரியில் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். எந்தப் பள்ளி என்று அவர் கேட்டபோது கணவர் என்னைப் பார்த்தார்.

வருடம் முடிந்ததும் டி.சி. வாங்கினேன். ஆங்கிலம் போதாது என்று கான்வென்ட்டில் மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். தையல்கார அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன், நீங்களும் மகளை எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் மெஷினை நிறுத்தவில்லை. “உங்களைப் பாத்துச் சேர்த்தேன். உங்களைப் பாத்து எடுக்க முடியுமாம்மா? அந்த நர்சரியில திரும்ப சேர்த்துக்க மாட்டாங்க. போங்க, உங்க பொண்ணு நல்லாப் படிக்கட்டும்.”

திட்டியிருந்தால் தேவலை.

அப்பா மட்டும் வார்டு ஆபீசுக்குப் போவதை நிறுத்தவில்லை. நம் குழந்தைதான் அங்கே இல்லையே, இனி எதற்கு அலைகிறீர்கள் என்று கேட்டேன். நீ சொன்னதைத்தானே செய்கிறேன் என்றார். ஜூலையில் ஒரு சாயங்காலம் முழங்கைவரை நனைந்த சட்டையோடு வாசலில் வந்து நின்றார். தண்ணீர் வந்துவிட்டது. எழுதப் போகிறீர்களா என்றேன். இல்லையாம். வந்தது என்று எழுதினால், இத்தனை நாள் வரவில்லையா என்று மேலே கேள்வி வரும், எழுதாதீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டாராம்.

ஆங்கில ஸ்பெல்லிங் எழுதிக்கொண்டிருந்த மகள், குழாயைப் பார்க்க வேண்டும், தன் சிநேகிதிகளையும் பார்க்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றேன். சொன்னபடி கூட்டிப்போனேன். கேட் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னிக்கு லீவுன்னு உனக்குத் தெரியாதாம்மா?” என்று கேட்டாள்.